மேல்வரிசையில் ஆறு பல்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உறையைப் பார்த்ததும் யோசித்திருப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், அழும்போது மூக்கை உறிஞ்சுவாய், சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு மாற்றல் வரும் வரும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வராது என்று போன மாதம் முடிவாகிவிட்டது, அதே பஸ் டிப்போ, அதே நாற்காலி, தொப்பைக்கு மட்டும் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. அவன் பெண்டாட்டி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து வீட்டிலும் எல்லாரையும் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைக்கிறாள். குளியலறைச் சுவர் ஓதம் காத்து உப்பு பூத்துப்போயிருக்கிறது. கீழ் வீட்டுத் தையல்காரருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது பார்வை தெளிந்து, போன இரண்டு வருடம் தான் தைத்ததையெல்லாம் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது, எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது, உன் அளவை மனதில் வைத்து வாங்கிவிட்டாய் போலிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்த பல்செட் மூன்று மாதம் முன்னால் வாய்க்குள்ளேயே இரண்டாக உடைந்துவிட்டது. ஒட்டிப் போட்டுப் பார்த்தேன், ஈறில் புண்ணாகிக் கன்னம் வீங்கிப்போனது, எதையும் மெல்ல முடியாமல் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். உன் தம்பிக்கு அது கண்ணில் படவில்லை, அவன் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறவன். மருமகள்தான் பார்த்தாள், பார்த்ததோடு நிற்கவில்லை, அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், பழைய கடையிலேயே இன்னொரு செட் செய்துகொள்கிறேன் என்றேன், கேட்கவில்லை. அந்தக் காலத்து மாதிரி வாயில் மாவை அப்பி அச்செடுக்கிற வேலையே அங்கே கிடையாது. கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சியை வாய்க்குள் விட்டு ஈறு ஈறாக மேய விடுகிறார்கள், நம் வாய் அப்படியே ரோஸ் நிறத்தில் திரையில் வளர்ந்துகொண்டே போகிறது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து நிற்கச் சொன்னார்கள், ஒரு இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு வட்டம் போனது, எலும்பு எங்கே தடிமன் எங்கே மெல்லிசு, ஆணி மாதிரி திருகி வைக்க எங்கே இடம் இருக்கிறது என்று எல்லாம் அதில் தெரிந்துவிடுகிறதாம். அதற்குப் பிறகு உதட்டைப் பிளாஸ்டிக்கால் விலக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோ, விலக்காமல் போட்டோ, சிரிக்கச் சொல்லி போட்டோ, ஐம்பதிலிருந்து அறுபது வரைக்கும் எண்ணச் சொல்லி வீடியோ. பல் இல்லாத கிழவி ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு என்று காற்றை ஊதிக்கொண்டு எண்ணுவதை எதற்குப் பிடித்து வைக்கிறார்கள் என்று கேட்டேன். உதடு எவ்வளவு தூக்குகிறது, நாக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்துத்தான் பல்லை வரைவார்களாம், அழகுக்குத் தனியாக, மெல்லுவதற்குத் தனியாக இல்லாமல் இரண்டையும் ஒரே படத்தில் வைத்துத் திட்டம் போடுவார்களாம். டாக்டரம்மாவுக்கு உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாகத்தான் இருக்கும், ஆனால் லட்சணமாக இருக்கிறாள்.

இரண்டாவது தடவை போனபோது டாக்டரம்மா திரையில் என் மண்டை எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எப்போது விழுந்த பல் என்று கேட்டாள். வயதாகி ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது, எட்டு வருடத்துக்கு முன்னால் மிச்சத்தையும் எடுத்துவிட்டு செட் போட்டேன் என்றேன், உங்கள் எல்லாருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். அவள் பேனாவால் திரையில் மேல் எலும்பின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்துப் பற்கள் எட்டு பத்து வருடத்துக்குள் போனவைதான், சரி, ஆனால் முன்னால் இந்த ஆறு பல் போய் நாற்பது வருடத்துக்கு மேல் இருக்கும், எலும்பு அவ்வளவு கரைந்திருக்கிறது, அதோடு யாரோ எலும்பையும் சீவிச் சமமாக்கியிருக்கிறார்கள் என்றாள். கீழ்த்தாடையின் வளைவைப் பார்த்தால் மேல் பல் நன்றாக முன்னால் தள்ளி இருந்திருக்க வேண்டும், சின்ன வயதில் சிரித்தபடி எடுத்த போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள், அதை வைத்து உங்கள் பல்லையே திரும்ப வரைந்துவிடலாம் என்று சொன்னாள். அப்படி ஒரு போட்டோவும் கிடையாது என்றேன். மருமகள் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கணக்கு டீச்சர், கூட்டிப் பார்க்கத் தெரிந்தவள். தன் போனை எடுத்துத் தேடி ஒரு போட்டோவை டாக்டரம்மா கையில் கொடுத்தாள். இவங்க மகள், இது உதவுமா பாருங்க என்றாள்.

அது உன் போட்டோ. உங்கள் அலுவலகச் சமையலறையில் யாரோ உனக்குப் பிறந்தநாள் தொப்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள், நீ வாயைத் திறந்து சிரிக்கிறாய், ஈறு வரைக்கும் தெரிகிறது. நீங்கள் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் போட்டோ அனுப்பிக்கொள்கிறீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நீ அப்படிச் சிரிப்பாய் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா அந்த போட்டோவைத் திரையில் ஏற்றி, என் முகத்தின் மேல் வைத்து, கோடு போட்டு, இழுத்து, சுருக்கி என்னென்னவோ செய்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு எனக்கு வழிவிட்டாள். திரையில் நான் இருந்தேன், என் தொங்கின கன்னம், என் நரை, அதற்கு நடுவில் உன் பல். ஒரு இடத்தில்கூட உறுத்தவில்லை. உதடு தானாக நிமிர்ந்து நின்றது. டாக்டரம்மா ஆச்சரியமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, அளவு மாத்தவே வேண்டியதில்ல, உங்க பல்லுதான் இவங்களுக்கு வந்திருக்கு என்று ரொம்ப சந்தோஷமாகச் சொன்னாள். மருமகள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது உனக்குப் புரிய ஆரம்பித்திருக்கும், நீ ஒன்றும் மக்கு இல்லை. எனக்கும் உன் மாதிரிதான் பல் இருந்தது. மேல்வரிசையில் ஆறு பல், நீளமாக, வெளியே தள்ளிக்கொண்டு, உதட்டை மூடினால் மோவாயில் குழி விழும். என்னைப் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டுக்காரர்கள் பல்லைக் காரணம் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா வீட்டில் முதலில் என் போட்டோவை மட்டும்தான் பார்த்தார்கள், வாயை மூடி எடுத்த போட்டோ, அவர்களுக்குப் பிடித்துவிட்டது. நேரில் வர மூன்று வாரம் இருந்தது. என் அண்ணன் என்னைப் பஸ்ஸில் ஏற்றி, நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஒரு ஊரில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் நல்ல பல்லாச்சே, ஒரு சொத்தைகூட இல்லையே என்று இரண்டு தடவை சொன்னார், அண்ணன் எடுங்கள் என்றார். ஒரே நாளில் ஆறும் போனது. தட்டில் வரிசையாகக் கிடந்தன, வேரோடு பார்த்தால் ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. எலும்பை ராவும்போது மரத்துப்போனதையும் மீறி வலித்தது, அண்ணன் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். புண் ஆறுவதற்கு முன்பே மேலே ஒரு தட்டு மாட்டிவிட்டார்கள், சின்னச் சின்னதாக வரிசையாக ஆறு பல் வைத்த தட்டு. அதோடுதான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். உன் அப்பாவுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது. முப்பத்தேழு வருடம் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டுதான் பல் தேய்த்தேன், தட்டை மாட்டிக்கொண்டேதான் தூங்கினேன், மேலண்ணத்தில் புண் வராத மாதம் கிடையாது. நான் குளிக்க நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களெல்லாம் கதவைத் தட்டுவீர்களே, அதற்குத்தான் அந்த நேரம்.

பிறகு நீ பிறந்தாய். பால்பல் இருந்த வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஏழு வயதில் அவை விழுந்து பெரிய பல் முளைத்தது. இரண்டு முளைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணாடியில் பார்த்துப் பழகின பல்லாயிற்றே. முன்னால் நாலு பல் முளைத்து முடிந்த வருடம் உன் பெரிய அத்தை வந்து பத்து நாள் தங்கினாள். சாப்பிடும்போது உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், எல்லார் முன்னாலும், இது யாரு பல்லு, நம்ம பக்கத்துல ஒருத்தருக்கும் இல்லையே, உன் பக்கத்துல யாருக்காவது உண்டா என்று என்னைக் கேட்டாள். எங்கள் பக்கத்திலும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஏதாவது ஒரு சித்தப்பா பெயரைச் சொல்லியிருக்கலாம், செத்துப்போன ஒருவரைச் சொல்லியிருந்தால் யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள். சொன்னால் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள் என்ற ஒரே பயத்தில் கிடையாது என்று சொன்னேன். அவள் உன் அப்பாவைப் பார்த்தாள். உன் அப்பா நிலம் அளக்கிற உத்தியோகத்தில் இருந்தவர், ஒரு முழம் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு உறுத்தும். அன்றைக்கு அவர் தட்டை விட்டு எழுந்தார், அதற்குப் பிறகு உன்னை மடியில் வைத்து நான் பார்க்கவில்லை. தம்பியை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு போவார், நீ பின்னால் நடந்து வருவாய். உனக்கு வாங்கவேண்டியதை எல்லாம் வாங்கினார், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் எல்லாம் போட்டார், பக்கத்தில் மட்டும் கூப்பிடமாட்டார். நீ பேசும்போது உன் வாயைப் பார்ப்பார், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். உன் பல் அசிங்கமாக இருப்பதால்தான் அப்பாவுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு நீ வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடப் பழகினாய். அப்படி நினைக்கவைத்தது நான். அப்பா வருகிறார், வாயை மூடு என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்குப் பல்லழகி என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று உனக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து அவர்களோடு நீ கட்டி உருண்டு சண்டை போட்டாய், முழங்காலைப் பேர்த்துக்கொண்டு வந்தாய். அதை வைத்தது நான்தான். வாசலில் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, யாரோ உன் பல்லைப் பற்றி எடுத்தார்கள், அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துவிட வேண்டும் என்று தோன்றியது, அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தால் ஒருவரும் என் பக்கம் திரும்பமாட்டார்கள் என்று தோன்றியது, எங்க பல்லழகி வருது பாருங்க என்று சொன்னேன். அது தெருவுக்கே ஒட்டிக்கொண்டது. உனக்குப் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர்கள் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார்களே, கம்பி கட்டினால் உள்ளே வந்துவிடும், பெற்றோரில் ஒருவர் கூட வரவேண்டும் என்று. உன் அப்பா அந்தச் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, கட்டிடலாமே, நான் கூட்டிட்டுப் போறேன் என்றார். உனக்கு இது தெரியாது. அப்பா வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று உன்னிடம் நான் சொன்னேன். அவர் உன்னைக் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் வீட்டில் வேறு யாருக்கு இப்படி இருக்கிறது என்று கேட்பார், அவர் வந்து என்னைக் கேட்பார், என் வாயைத் திறந்து காட்டச் சொன்னாலும் சொல்வார். சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நீ ஒரு மாதம் அப்பாவோடு பேசாமல் இருந்தாய், அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும். நீ படித்து முடித்ததும் முகம் தெரியாமல் போனில் மட்டும் பேசுகிற வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, எங்கேயோ கண்காணாத இடத்துக்குப் போனாய். கல்யாணம் வேண்டாம் என்று நீயே சொன்னாய், நானும் வற்புறுத்தவில்லை, உன் வாய் கண்ணில் படாமல் இருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன், மருமகளுக்குக்கூட இது தெரியாது. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பதின்மூன்று நாளில் முதல் நாலு நாள்தான் நினைவு தப்பிக்கிடந்தார். ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டது. நன்றாகப் பேசினார், ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பச் சொன்னார், நர்சோடு வம்பு பேசினார். நீ தினமும் போன் செய்வாய், அப்பா தூங்குகிறார், நினைவு இல்லை, வந்தாலும் உன்னைத் தெரியாது என்று தினமும் சொன்னேன், அக்கா பதறுவாள், நீ எதுவும் சொல்லாதே என்று தம்பியையும் அடக்கி வைத்தேன். ஆறாம் நாள் மத்தியானம் தம்பி மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கேக்கவே கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன், பெரியவ என் பிள்ளதானா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அப்ப அந்தப் பல்லு யாருது என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். கணக்கில் ஒரு இடம் உதைக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடு, மூடி வைத்துவிடுகிறேன் என்பது மாதிரி கேட்டார். அந்தத் தட்டு என் வாயில்தான் இருந்தது. விரலை விட்டு எடுத்துக் கையில் வைத்துக் காட்ட அரை நிமிடம்கூட ஆகாது. நான் நாக்கால் அதை மேலே இறுக்கி அழுத்திக்கொண்டேன். உடம்பு முடியாத நேரத்துல என்ன பேச்சு இது என்றேன். அவர் என் கையை விட்டார். அவள வரச் சொல்லாத, பாத்தா மறுபடியும் அதையேதான் நினைப்பேன் என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தார், உன் பேச்சை எடுக்கவில்லை. நீ எல்லாம் முடிந்த மறுநாள்தான் வந்து சேர்ந்தாய், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், கடைசியா என்னைக் கேட்டாராம்மா என்று கேட்டாய். நினைவே வரலை என்று சொன்னேன். நீ நம்பினாய். அடுத்த வருடமே மிச்சப் பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு செட் போட்டுக்கொண்டேன், இனிமேல் வாயைத் திறந்து காட்டினாலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்று தைரியமாக இருந்தேன். எலும்பைப் படம் எடுப்பார்கள் என்று நான் கண்டேனா.

அன்றைக்கு மூன்று மாடியும் இறங்கி வரும்வரை மருமகள் லிஃப்டுக்குள் எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் பெரிய அத்தை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் நாத்தனார் இந்த வீட்டு ரத்தம் இல்லை, அதிகம் ஒட்டி உறவாடாதே என்று சொல்லியிருக்கிறாள். இவ்வளவு வருடம் அதை நெஞ்சில் போட்டு வைத்துக்கொண்டுதான் இவள் உன்னோடு பேசியிருக்கிறாள், உனக்காகப் பரிதாபப்பட்டு, எனக்காகக்கூட கொஞ்சம் பரிதாபப்பட்டு. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மாமாகிட்ட ஏன் காட்டல அத்தை என்றாள். அவர் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றேன். அண்ணிய வேண்டாம்னு சொல்லிட்டாரே என்றாள். நான் தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, நீங்க எழுதறீங்களா, இல்ல நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன் என்றாள். இன்றைக்குச் சனிக்கிழமை. ஆகையால் அம்மா மனசாட்சி உறுத்தி எழுதுகிறாள் என்று நினைத்து உருகிவிடாதே. அவள் சொன்னால் என்னைப் பற்றிப் பாவம் என்று நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுவாள், அது எனக்கு வேண்டாம். எழுதி முடித்ததும் உறையை அவளே ஒட்டித் தபால் பெட்டியில் போடுவாளாம், என்னிடம் கொடுத்தால் நான் போடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

இவ்வளவும் வெளியே வந்த பிறகாவது அம்மா தன் பல்லைத் திரும்பக் கேட்டு வாங்கியிருப்பாள் என்று நினைப்பாய். முந்தாநாள் மூன்றாவது தடவை போனேன். திரையில் இருந்ததை அப்படியே செய்து, வாயில் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் ஒரு மாதிரி வைத்திருந்தார்கள். மாட்டிவிட்டு டாக்டரம்மா கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பேசச் சொன்னாள். ஐம்பத்தைந்து ஐம்பத்தாறு என்றேன், காற்றுப் போகாமல் கணீரென்று வந்தது. கடிக்கச் சொல்லி நடுவில் கலர்க் காகிதம் வைத்தாள், எல்லாப் பக்கமும் சமமாகப் பதிந்தது. நாற்பத்தாறு வருடமாக அந்தப் பழைய தட்டும் செட்டும் தாடையைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளித்தான் இந்தத் தலைவலி, காதுக்குப் பக்கத்தில் கடக் கடக் என்று சத்தம் எல்லாம், இந்தப் பல் வைத்தால் அதெல்லாம் குறையும் என்றாள். மருமகள் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள், அண்ணி வந்து உக்காந்த மாதிரியே இருக்கு என்றாள். நான் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, எனக்குச் சின்னதாக, வரிசையாக, உள்ளே தள்ளி வேண்டும் என்று சொன்னேன். டாக்டரம்மா ரொம்பச் சொல்லிப் பார்த்தாள். அப்படி வைத்தால் உதடு உள்ளே போகும், நாக்குக்கு இடம் போதாது, ஒரு பக்கமாகத்தான் மெல்லவேண்டி வரும் என்று திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். எனக்குத் தெரியும், அப்படித்தானே இவ்வளவு நாள் மென்றேன் என்றேன். நானே கேட்டுத்தான் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அறுபத்தாறு வயதில் கண்ணாடி பார்க்கிறபோதெல்லாம் உன்னைப் பார்க்க என்னால் ஆகாது. அந்தப் படத்தை ஒரு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள், அதையும் கிழித்துவிட்டேன். மருமகள் போனில் ஒன்று இருக்கும், வேண்டுமானால் அவளைக் கேட்டு வாங்கிக்கொள்.

தம்பியிடம் நீயோ அவளோ சொல்லிக்கொள்ளுங்கள், அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பிட வந்துவிடுவான். பெரிய அத்தைக்கு இப்போது சுத்தமாகக் காது கேட்பதில்லை, இதைப் போய் அவள் காதில் யார் கத்திச் சொல்வது. நீ அங்கே ஒரு பல் டாக்டரிடம் போய்க்கொண்டிருப்பதாக மருமகள் சொன்னாள். நாலு பல்லை எடுத்து, மேல்தாடையை அறுத்து உள்ளே தள்ளிவிட்டால் முகம் எப்படி இருக்கும் என்று உனக்கும் படம் போட்டுக் காட்டிவிட்டார்களாம், படம் ரொம்ப அழகாக வந்திருக்கிறதாம். படத்தில் வலிக்காது. உனக்கு மெல்ல முடியவில்லை, உதடு மூடவில்லை, உனக்கே வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் செய்துகொள், நான் தடுக்கவில்லை, தடுக்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. அப்பாவுக்குப் பிடிக்காமல் போன பல் என்பதற்காகச் செய்துகொள்வதாக இருந்தால் வேண்டாம். அவருக்கு உன் பல்லின் மேல் ஒரு கோபமும் இருக்கவில்லை. நீ அவர் மகள்தான், ஒரு சந்தேகமும் வேண்டாம். அவரிடம் சொல்லவேண்டிய அன்றைக்குச் சொல்லாமல் உன்னிடம் இன்றைக்குச் சொல்கிறேன், இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு எழுதியும் மன்னித்துவிடு என்று ஒரு இடத்திலும் நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், நீ அப்படிப்பட்டவள்தான், அது உன் அப்பா குணம். பிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. எனக்கு ஆசீர்வாதம் பண்ணத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, பெற்றவள் வாயால் சொல்லியே ஆகவேண்டும் என்பதால் சொல்கிறேன், நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வருகிற புதன்கிழமை எனக்குப் பல் வைக்கிறார்கள், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வைத்து முடித்திருப்பார்கள். பழகுகிற வரைக்கும் பதினைந்து இருபது நாள் பேச்சுக் குழறும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் போன் செய்யாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா